ஐந்து ஷில்லிங் அபராதமும் பத்து நாள் அவகாசமும்

1787 செப்டம்பர் 29, சனிக்கிழமை. பிலடெல்பியாவில் பென்சில்வேனியா மாநிலச் சட்டமன்றம் கூடியிருந்த மண்டபத்துக்குள் இரண்டு உறுப்பினர்களை நகரத்து மக்கள் கூட்டம் ஒன்று தெருவழியே இழுத்துக்கொண்டு வந்து விட்டது. ஒருவர் மாநிலத்தின் உட்பிரிவுகளில் ஒன்றான பிராங்க்ளின் கவுண்டியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஜேம்ஸ் மெக்கால்மன்ட். மற்றவர் டாஃபின் கவுண்டியின் ஜேக்கப் மைலி. அவர்கள் உள்ளே வந்ததும் அவையிலிருந்தோரின் எண்ணிக்கை 44-இலிருந்து 46 ஆயிற்று. அந்த 46-க்காகத்தான் அவ்வளவும் நடந்தது. மொத்தம் 69 உறுப்பினர்கள் கொண்ட அவை அது. மூன்றில் இரண்டு பங்கினர் இல்லாமல் எந்த அலுவலையும் நடத்தக் கூடாது என்பது அம்மாநில அரசமைப்பின் கட்டளை. 69-இல் மூன்றில் இரண்டு பங்கு 46.

கடந்த சில வாரங்களாக இரவு நேரங்களில் இந்த அவையின் நடவடிக்கைக் குறிப்புகளை வாசித்து வருகிறேன். தாமஸ் லாயிட் என்ற சுருக்கெழுத்தாளர் அவையில் அமர்ந்து உறுப்பினர்களின் பேச்சுகளைக் குறித்து அச்சிட்டதால், 230 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமைக் காலையில் யார் எழுந்தார், யார் என்ன கேட்டார், பார்வையாளர்கள் எப்போது சிரித்தார்கள் என்பதுவரை நமக்குத் தெரிகிறது. அமெரிக்க வரலாறு என்றால் கூட்டாட்சி அரசமைப்பை எழுதிய பெரியவர்களின் கதையாகவே நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். நானும் அப்படியே அறிந்திருந்தேன். ஆனால் அந்த அரசமைப்பு ஒவ்வொரு மாநிலத்தின் வாசலையும் தட்டியபோது அங்கே ஏற்கெனவே கட்சிகள் இருந்தன, பழைய பகைகள் இருந்தன, வரவிருந்த தேர்தல்கள் இருந்தன. பென்சில்வேனியாவில் அவையெல்லாம் ஒரே வாரத்தில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

அந்த மோதலைப் புரிந்துகொள்ள 11 ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். 1776 செப்டம்பர் 28 அன்று பென்சில்வேனியா தனக்கென ஓர் அரசமைப்பை ஏற்றுக்கொண்டது. அதை எழுதிய மாநாட்டின் தலைவர் பெஞ்சமின் பிராங்க்ளின். புதிய மாநிலங்கள் எழுதிக்கொண்ட அரசமைப்புகளில் இதைப்போல் துணிந்து மக்கள்பக்கம் சாய்ந்தது வேறொன்றில்லை என்பது என் கருத்து. மேலவை கிடையாது, ஒரே அவைதான். ஆளுநர் கிடையாது; ஒவ்வொரு கவுண்டிக்கும் ஓர் உறுப்பினர் என்ற கணக்கில் அமைந்த உச்ச நிர்வாகக் குழுவும், அந்தக் குழுவும் சட்டமன்றமும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் ஒரு தலைவரும்தான் நிர்வாகம். வாக்களிக்க நிலம் வைத்திருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை போய், 21 வயது நிறைந்து, ஓராண்டு குடியிருந்து, வரி செலுத்திய சுதந்திர மனிதர் எவரும் வாக்களிக்கலாம் என்றாயிற்று. தேர்தல் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்து இரண்டாம் செவ்வாயன்று நடக்கும். புதிய அவை அதே மாதத்தின் நான்காம் திங்களன்று கூடும். ஒருவர் ஏழு ஆண்டுகளில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உறுப்பினராக இருக்க முடியாது.

இவற்றையெல்லாம்விட என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது அதன் 15-ஆம் பிரிவு. பொதுநலன் சார்ந்த மசோதா எதுவானாலும், கடைசி வாசிப்புக்கு முன் அதை அச்சிட்டு மக்களின் பார்வைக்கு வைக்க வேண்டும். திடீரென்று நேரும் அவசரங்களைத் தவிர, அதே கூட்டத்தொடரில் அதைச் சட்டமாக்கக் கூடாது. அடுத்த கூட்டத்தொடர்வரை காத்திருக்க வேண்டும். இதற்கு முந்தைய பிரிவுகள், அவையின் கதவுகள் திறந்திருக்க வேண்டும் என்றும், கூட்டத்தொடர் நடக்கும் காலத்தில் நடவடிக்கைகளை வாரந்தோறும் அச்சிட வேண்டும் என்றும், இரண்டு உறுப்பினர்கள் கேட்டாலே யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பதைப் பெயரோடு வெளியிட வேண்டும் என்றும் சொல்கின்றன. மேலவை செய்யவேண்டிய வேலையை, அதாவது முதல் அவை அவசரப்பட்டு எடுத்த முடிவை இன்னொரு முறை ஆற அமர எண்ணிப் பார்க்கும் வேலையை, இந்த அரசமைப்பு நேரே மக்களிடம் கொடுத்துவிட்டது. இரண்டாவது அவை என்பது மாநிலம் முழுவதும்தான். அந்த அவை கூடுவதற்குத் தேவை ஒன்றே ஒன்று: கால அவகாசம்.

இந்தக் கால அவகாசத்தைப் பற்றியதுதான் பென்சில்வேனியாவின் கட்சிப் பிரிவினை என்று நான் கருதுகிறேன். செல்வர்களுக்கும் எளியவர்களுக்கும் இடையிலான பிளவு, நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் இடையிலான பிளவு என்று பிறர் விளக்குவதை நான் மறுக்கவில்லை, அவை உண்மையே. ஆயினும் அவையில் நடந்த சண்டைகளை ஒவ்வொன்றாக வாசிக்கும்போது, எது சட்டமாக வேண்டும் என்ற கேள்விக்குக் கீழே, எவ்வளவு வேகமாகச் சட்டமாக வேண்டும், அதற்கு முன் யார் யாரைக் கேட்க வேண்டும் என்ற கேள்வி எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

கட்சிப் பெயர்கள் இன்றைய வாசகரைக் குழப்பக்கூடியவை. 1776 அரசமைப்பைக் காக்க நின்றவர்கள் தங்களை அரசமைப்புவாதிகள் என்று அழைத்துக்கொண்டார்கள். நீதிபதி ஜார்ஜ் பிரையன், கம்பர்லாந்து கவுண்டியின் ராபர்ட் வைட்ஹில், அயர்லாந்தில் பிறந்து நெசவுத் தொழில் செய்து வெஸ்ட்மோர்லேண்ட் கவுண்டியின் பிரதிநிதியாக வளர்ந்த வில்லியம் ஃபிண்ட்லி, ஜான் ஸ்மைலி ஆகியோர் அவர்களின் முன்னணியினர். அந்த அரசமைப்பை மாற்றி மேலவையும் ஆளுநரும் வேண்டும் என்றவர்கள் குடியரசுவாதிகள். வணிகர் ராபர்ட் மோரிஸ், வழக்கறிஞர் ஜேம்ஸ் வில்சன், ஜார்ஜ் கிளைமர், தாமஸ் ஃபிட்ஸ்சைமன்ஸ், மருத்துவர் பெஞ்சமின் ரஷ் ஆகியோர் இந்தப் பக்கம். இவர்களுக்கும் இன்றைய குடியரசுக் கட்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. 1787-க்குப் பிறகு, அரசமைப்புவாதிகளில் பெரும்பாலோர் புதிய கூட்டாட்சி அரசமைப்பை எதிர்த்தார்கள் என்பதால், அரசமைப்புவாதிகளே அரசமைப்பின் எதிரிகள் என்று சொல்லவேண்டிய நிலை வந்தது. அவர்கள் காத்தது மாநிலத்தின் அரசமைப்பை, எதிர்த்தது நாட்டுக்கு வரவிருந்ததை.

காத்திருக்கச் சொல்லும் விதி நல்லதையும் செய்தது, தீங்கையும் செய்தது. அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் இதற்குச் சரியான சான்று. பிரையன் முன்னின்று கொண்டுவந்த முதல் வரைவு 1779-இல் அச்சாகி மக்கள்முன் வைக்கப்பட்டது. அந்த ஆண்டு அக்டோபர் தேர்தலில் வந்த புதிய அவை 1780 மார்ச் 1 அன்று 34-க்கு 21 என்ற வாக்கில் அதை நிறைவேற்றியது. ஒரு சட்டமன்றம் வாக்களித்து அடிமைமுறைக்கு முடிவுகட்டத் தொடங்கியது அமெரிக்காவில் அதுவே முதல் முறை. ஆனால் முதல் வரைவில், அடிமைத் தாய்க்கு இனிப் பிறக்கும் பெண் 18 வயதிலும் ஆண் 21 வயதிலும் விடுதலை பெறுவர் என்றிருந்தது. சட்டமான வடிவத்தில் இருவருக்கும் 28 வயது என்றாயிற்று. மக்களின் பார்வைக்கு வைத்த அந்த மாதங்களில் யாருடைய குரல் அவையை எட்டியது என்பதை இந்த ஒரு மாற்றமே சொல்லிவிடுகிறது. அடிமைகளை வைத்திருந்தோர் எழுதவும் பேசவும் மனு அனுப்பவும் முடிந்தது. ஒரு பெண்ணின் வாழ்நாளில் பத்து ஆண்டுகள், ஓர் ஆணின் வாழ்நாளில் ஏழு ஆண்டுகள் அந்த அவகாசத்தின் விலையாகப் போயின. 15-ஆம் பிரிவை நான் போற்றினாலும் இதை மறைத்துவிட்டுப் போற்ற எனக்கு மனம் வரவில்லை.

அரசமைப்புவாதிகளின் பெரிய குற்றம் வேறொன்று. 1777 ஜூன் மாதத்தில் அவர்கள் கொண்டுவந்த விசுவாச உறுதிமொழிச் சட்டம், மன்னரைத் துறந்து மாநிலத்துக்கு உறுதிமொழி எடுக்காதவர்களின் வாக்குரிமையைப் பறித்தது. போர்க்காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் உறுதிமொழி எடுப்பதையே மதக் கொள்கையாக மறுத்த குவேக்கர்களும் மெனோனைட்டுகளும் போர் முடிந்த பின்னும் வாக்களிக்க முடியாமல் நின்றார்கள். மக்களே இரண்டாவது அவை என்று எழுதிவைத்த கட்சி, அந்த மக்களில் யாரைச் சேர்ப்பது என்பதைத் தானே முடிவுசெய்துகொண்டது. அப்படி முடிவுசெய்தது தேர்தல்களில் அக்கட்சிக்கு உதவியது. 1784 செப்டம்பரில் இந்தச் சட்டத்தைத் தளர்த்தும் மசோதா, சமமாகப் பிளந்த அவையில் பேரவைத் தலைவரின் வாக்கால் முன்னேறியபோது, அரசமைப்புவாதிகள் எழுந்து வெளியே போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு இல்லாமல் அவை முடங்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து நடக்கப்போவதற்கு இது ஒத்திகை போன்றது. அந்தச் சட்டம் முழுமையாக நீங்க 1789 ஆயிற்று.

அந்த 1784 அக்டோபர் தேர்தலில் அரசமைப்புவாதிகள் பெரும் வெற்றி பெற்றார்கள். அதற்கு முன்பே, ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடி அரசமைப்பைச் சோதிக்கவேண்டிய தணிக்கையாளர் குழுவில், அரசமைப்பைத் திருத்த மாநாடு கூட்டலாம் என்ற குடியரசுவாதிகளின் முயற்சி மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கிடைக்காமல் தோற்றிருந்தது. வென்றவர்கள் அடுத்துக் கைவைத்தது வங்கியின்மீது. ராபர்ட் மோரிஸின் முயற்சியால் தொடங்கிய வட அமெரிக்க வங்கிக்குப் பென்சில்வேனியா 1782-இல் உரிமைப்பட்டயம் கொடுத்திருந்தது. அதை ரத்து செய்யும் மசோதா 1785 வசந்தகாலத்தில் அச்சாகி, விதிப்படி காத்திருந்து, செப்டம்பரில் சட்டமாயிற்று. அடுத்த அவைக்கு மோரிஸ் தாமே உறுப்பினராக வந்து அமர்ந்தார். 1786-இல் அவருக்கும் ஃபிண்ட்லிக்கும் இடையே நடந்த விவாதத்தை மேத்யூ கேரி என்ற அச்சகத்தார் முழுமையாக வெளியிட்டார்.

நாட்டின் முதல் பெருவணிகர் ஒரு பக்கமும் முன்னாள் நெசவாளர் ஒருவர் மறுபக்கமும் நின்று வாதிட்ட அந்தப் பக்கங்களை வாசிக்க எனக்கு நான்கு இரவுகள் ஆயின. வங்கியின் பங்குதாரர்களே அவையில் அமர்ந்து வங்கிக்காக வாக்களிப்பதைச் சுட்டிக்காட்டி, உங்கள் நலனுக்காக வாதிட உங்களுக்கு உரிமை உண்டு, ஆனால் அதைப் பொதுநலன் என்று சொல்லாதீர்கள் என்ற பொருள்பட ஃபிண்ட்லி பேசினார். அரசியலில் சொந்த நலனை ஒப்புக்கொள்வதே பண்பற்றது என்று கருதப்பட்ட காலத்தில் அது புதிய பேச்சு. அந்த ஆண்டு அவையில் மோரிஸ் தோற்றார். 1786 அக்டோபர் தேர்தலில் குடியரசுவாதிகள் வென்றார்கள். 1787 மார்ச்சில் வங்கிக்கு மீண்டும் பட்டயம் கிடைத்தது. ஒரு சட்டத்தைக் கொடுப்பதும், அடுத்த தேர்தலுக்குப் பின் எடுப்பதும், அதற்கடுத்த தேர்தலுக்குப் பின் மீண்டும் கொடுப்பதுமாக இருந்ததைக் குடியரசுவாதிகள் நிலையின்மை என்றார்கள். வணிகம் செய்பவரின் இடத்தில் நின்று பார்த்தால் அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் ஒரு தேர்தலோ, அச்சிட்ட மசோதாவோ இருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

இப்படி வென்ற குடியரசுவாதிகளின் அவைதான் 1787 செப்டம்பரில் தன் கடைசிக் கூட்டத்தொடரை நடத்திக்கொண்டிருந்தது. அதே கட்டடத்தில் கூடிய கூட்டாட்சி மாநாடு செப்டம்பர் 17 அன்று முடிந்தது. மறுநாள், மாநிலத்தின் தலைவராகவும் மாநாட்டுப் பிரதிநிதியாகவும் இருந்த பிராங்க்ளின், சக பிரதிநிதிகளோடு வந்து புதிய அரசமைப்பை அவையில் ஒப்படைத்தார். அதை ஏற்பதா என்று முடிவுசெய்ய ஒவ்வொரு மாநிலமும் தனி மாநாடு கூட்ட வேண்டும். ஆனால் நியூயார்க்கில் இருந்த காங்கிரஸ், அதாவது மாநிலங்கள் அனைத்துக்கும் பொதுவான பிரதிநிதிகள் அவை, அதை மாநிலங்களுக்கு முறைப்படி அனுப்ப வேண்டும். அந்தத் தகவல் இன்னும் வரவில்லை. சட்டமன்றமோ செப்டம்பர் 29 அன்று கலையவிருந்தது. அக்டோபர் 9-ஆம் தேதி புதிய தேர்தல்.

செப்டம்பர் 28 காலை ஜார்ஜ் கிளைமர் எழுந்து, மாநாட்டுக்கான தேர்தலை இந்த அவையே அறிவிக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1776 அரசமைப்பு ஏற்கப்பட்டு அன்றோடு சரியாக 11 ஆண்டுகள் நிறைந்திருந்தன. அன்று அவையில் யாரேனும் அதை நினைத்துப் பார்த்தார்களா என்பது எனக்குக் குறிப்புகளில் தென்படவில்லை. தேதியைக் கண்டதும் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.

ஃபிண்ட்லியும் வைட்ஹில்லும் கேட்டது அதிகமில்லை. காங்கிரஸ் அனுப்பட்டும்; நாங்கள் ஊருக்குப் போய் மக்களிடம் காட்டுகிறோம்; வரவிருக்கும் புதிய அவை மாநாட்டைக் கூட்டட்டும் என்றார்கள். பாதி மாநிலம் மலைகளுக்கு அப்பால் இருக்கிறது. பிலடெல்பியாவில் அச்சான செய்தித்தாள் வெஸ்ட்மோர்லேண்டை எட்டுவதற்கு நாட்கள் பல ஆகும். குடியரசுவாதிகள் அவசரப்பட்டதற்கும் காரணம் இருந்தது: அக்டோபரில் அவை கைமாறிவிட்டால் மாநாடு எப்போது கூடும், கூடுமா என்பதே ஐயம். தீர்மானத்தின் முதல் பகுதி 43-க்கு 19 என்ற வாக்கில் நிறைவேறியது. தேர்தல் நாள், இடம் முதலிய விவரங்களை மாலை நான்கு மணிக்குப் பேசலாம் என்று அவை கலைந்தது.

நான்கு மணிக்கு அந்த 19 பேரும் வரவில்லை. இருந்தவர்கள் 44 பேர். பேரவைத் தலைவர் தாமஸ் மிஃப்லின் அவைக்காவலரை அனுப்பினார். ஆறாம் தெருவில் மேஜர் அலெக்சாண்டர் பாய்டின் விடுதியில் அவர்களில் பலர் கூடியிருந்ததைக் கண்ட அவைக்காவலர், அழைத்தும் வர மறுக்கிறார்கள் என்று திரும்பிவந்து சொன்னார். அன்று வேறெதுவும் செய்ய முடியவில்லை.

அதே நாளில் நியூயார்க்கில் காங்கிரஸ், அரசமைப்பை மாநிலங்களுக்கு அனுப்ப முடிவுசெய்திருந்தது. குதிரைவீரன் ஒருவன் இரவெல்லாம் பயணம் செய்து அந்தத் தீர்மானத்தைச் சனிக்கிழமை காலையில் பிலடெல்பியாவில் சேர்த்தான். காங்கிரஸ் அனுப்பட்டும் என்ற மறுப்பு அத்தோடு போயிற்று. அவைக்காவலரும் உதவி எழுத்தரும் தீர்மானத்தின் நகலை எடுத்துக்கொண்டு மறுபடி போனார்கள். சிலர் மறுத்தார்கள், சிலர் வீட்டில் இல்லை என்று சொல்லப்பட்டது. அதன் பின் நடந்ததைப் பின்னர் வெளியிட்ட அறிக்கையில் வெளியேறிய உறுப்பினர்களே விவரித்தார்கள்: தங்குமிடம் வன்முறையாக உடைக்கப்பட்டது, உடைகள் கிழிக்கப்பட்டன, வசைகளோடும் அவமதிப்போடும் தெருக்களில் இழுத்துச் செல்லப்பட்டு அவையில் பலவந்தமாக நிறுத்தப்பட்டார்கள். கூட்டத்தை வழிநடத்தியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் விடுதலைப் போரின் புகழ்பெற்ற கடற்படைத் தலைவர் ஜான் பாரி.

மெக்கால்மன்ட் எழுந்து, தாம் யாரென்றே அறியாத குடிமக்கள் தம் விருப்பத்துக்கு மாறாகத் தம்மைக் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்தார்கள் என்றும், தம்மைப் போகவிட வேண்டும் என்றும் கேட்டார். ஃபிட்ஸ்சைமன்ஸ் எழுந்து, உறுப்பினர் எவரேனும் அவரைக் கட்டாயப்படுத்தினாரா என்று வினவினார்; உறுப்பினர் யாரும் செய்யவில்லை என்றால் அவைக்கு அதில் பொறுப்பில்லை என்பது அக்கேள்வியின் உட்பொருள். பிறகு அவை விதி வாசிக்கப்பட்டது: பெயர் அழைக்கும்போது இல்லாத உறுப்பினர் இரண்டரை ஷில்லிங் அபராதம் கட்ட வேண்டும், அவர் இல்லாததால் குறைந்தபட்ச வருகை எட்டப்படாவிட்டால் ஐந்து ஷில்லிங். அதைக் கேட்ட மெக்கால்மன்ட் சட்டைப்பையிலிருந்து வெள்ளிக் காசுகளை எடுத்து, இதோ ஐந்து ஷில்லிங், என்னைப் போகவிடுங்கள் என்றார். மாடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அபராதம் வாங்க நியமிக்கப்பட்டவர் இப்போது இடத்தில் இல்லை. இருந்தாலும், உறுப்பினர் வந்து தம் பெயருக்குப் பதில் சொல்லிவிட்டார், விதியை மீறவில்லை, ஆகவே அபராதமும் இல்லை என்றார் பேரவைத் தலைவர்.

இந்த இடத்தை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். விதி ஒவ்வொரு சொல்லிலும் சரியாகப் பின்பற்றப்படுகிறது. வந்திருக்கிறார், பதில் சொன்னார், எண்ணிக்கை சரி. எப்படி வந்தார் என்று கேட்க மட்டும் விதியில் இடமில்லை. அவர் கதவை நோக்கி நகர்ந்தபோது கூட்டம் அவரைத் தடுத்தது. அவையினர் தொடர்ந்து பேசினார்கள். வெளியேற வழியில்லை என்றானபின் மெக்கால்மன்ட் செய்ததுதான் எனக்கு அவர்மீது பெருமதிப்பை உண்டாக்கியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை, விவாதத்தில் கலந்துகொண்டார். மாநாட்டைப் பிலடெல்பியாவில் நடத்தாமல் கார்லைலில் நடத்தலாம் என்றார். அது எடுபடாதபோது லான்காஸ்டர் என்றார். அதுவும் தோற்றது. நவம்பர் முதல் செவ்வாயன்று தேர்தல், மூன்றாம் செவ்வாயன்று பிலடெல்பியாவில் மாநாடு என்று முடிவாயிற்று. அவை கலைந்தது.

வெளிநடப்பு செய்தது சரியா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. மக்கள் அனுப்பிய பிரதிநிதி அவைக்கு வராமல் ஒளிந்துகொள்வது கடமை தவறுதல்தான். 1784-இல் பிறருடைய வாக்குரிமையை மறுப்பதற்காக அவர்கள் அதைச் செய்தது என்னால் ஏற்க முடியாத செயல். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு என்ற உயர்ந்த வரம்பை அரசமைப்பு வைத்ததே, தொலைவிலுள்ள கவுண்டிகளைத் தவிர்த்துவிட்டு நகரத்தவர் மட்டும் எதையும் முடித்துவிடக் கூடாது என்பதற்குக் காப்பாகப் பயன்பட்டது. 1787-இல் அந்த 19 பேர் கேட்டது அரசமைப்பை நிராகரிக்கும் உரிமையை அல்ல. பத்து நாட்களில் நடக்கவிருந்த தேர்தல்வரை காத்திருக்கச் சொன்னார்கள். புதிய கூட்டாட்சி அரசமைப்பு நல்லதென்றே நான் நம்புகிறேன். பத்து நாள் பொறுத்திருந்தால் அது கெட்டுப்போயிருக்காது.

அந்த அவசரத்தின் தழும்பு நெடுநாள் மறையவில்லை. நவம்பர் 6 தேர்தல் இரவில் பாய்டின் விடுதி மறுபடி தாக்கப்பட்டது. மாநாட்டுக்கு ஃபிண்ட்லி, வைட்ஹில், ஸ்மைலி மூவரும் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்து, மூன்று வாரங்கள் ஜேம்ஸ் வில்சனோடு வாதிட்டார்கள். வைட்ஹில் 15 திருத்தங்களை முன்வைத்தார். மதச் சுதந்திரம், பேச்சுச் சுதந்திரம், நடுவர்குழு விசாரணை ஆகியவை அவற்றில் இருந்தன. மாநாடு அவற்றைத் தன் நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கவும் மறுத்தது. டிசம்பர் 12 அன்று வாக்கெடுப்பு: ஆதரவு 46, எதிர்ப்பு 23. மாநாட்டிலும் 69 உறுப்பினர்கள், இங்கும் 46. எதிர்த்தவர்களில் 21 பேர் கையெழுத்திட்டு ஆறு நாட்களில் வெளியிட்ட மறுப்புரை, மாநிலத்தில் வாக்களிக்கத் தகுதியுள்ள 70,000-க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ 13,000 பேர் மட்டுமே அந்தத் தேர்தலில் வாக்களித்தார்கள் என்று குறிப்பிட்டது. மக்களுக்குச் செய்தி எட்டவேயில்லை என்பது அவர்களின் வாதம். டிசம்பர் 26 அன்று கார்லைலில், மெக்கால்மன்ட் மாநாட்டை நடத்தலாம் என்று சொன்ன அதே ஊரில், ஒப்புதலைக் கொண்டாட வந்தவர்களை எதிர்ப்பாளர்கள் அடித்து விரட்டினார்கள். வைட்ஹில்லின் திருத்தங்களில் உள்ளவை பலவும் 1791-இல் உரிமைகள் சாசனமாகக் கூட்டாட்சி அரசமைப்பில் சேர்ந்தன.

மெக்கால்மன்ட் உச்ச நிர்வாகக் குழுவிடம் முறையிட்டார். வழக்குத் தொடருமாறு குழுவும் பணித்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை.

குடியரசுவாதிகள் அத்தோடு நிற்கவில்லை. தணிக்கையாளர் குழுவுக்காகக் காத்திராமல் சட்டமன்றமே மாநில அரசமைப்பை மாற்ற ஒரு மாநாட்டைக் கூட்டியது. 1789 நவம்பரில் கூடிய அந்த மாநாட்டில் வில்சனும் ஃபிண்ட்லியும் பல இடங்களில் ஒன்றாக நின்றார்கள் என்பது வியப்பானது. பழைய பகை அங்கே ஓரளவு தணிந்துவிட்டது. 1790 செப்டம்பரில் வந்த புதிய அரசமைப்பு மேலவையை அமைத்தது, ஆளுநர் பதவியை உருவாக்கியது. முதல் ஆளுநராகப் பெரும் வாக்கு வேறுபாட்டில் வென்றவர், 1787-இல் அந்த நாற்காலியில் அமர்ந்து ஐந்து ஷில்லிங்கை வாங்க மறுத்த தாமஸ் மிஃப்லின்.

மசோதாவை அச்சிட்டு அடுத்த கூட்டத்தொடர்வரை மக்கள்முன் வைக்க வேண்டும் என்ற 15-ஆம் பிரிவு அந்தப் புதிய அரசமைப்பில் இல்லை. அவை நடத்தத் தேவையான எண்ணிக்கை மூன்றில் இரண்டிலிருந்து பாதிக்கு மேல் என்று குறைக்கப்பட்டது. அதே வாக்கியத்தின் பிற்பகுதியில், அந்த எண்ணிக்கைக்கும் குறைவானவர்கள் கூடியிருந்தாலும், வராத உறுப்பினர்களைக் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் அதிகாரத்தை அவர்களுக்குச் சட்டத்தின்வழி வழங்கலாம் என்று எழுதப்பட்டிருக்கிறது.